படகில் மட்டுமே போகக்கூடிய ஏரிக்கரையில் கூடாரம் போட: பவுண்டரி வாட்டர்ஸ் வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி, சுமார் 11 லட்சம் ஏக்கருக்கு ஏரியும் காடுமாகக் கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் கனூ ஏரியா வில்டர்னஸ். உள்ளே 2,000-க்கும் மேற்பட்ட முகாமிடங்கள், ஏறக்குறைய எல்லாமே ஏரிக்கரையில். காரை நிறுத்தி இறங்கிக் கூடாரம் போடும்படி ஓர் இடம்கூடக் கிடையாது. குழாய், மின்சாரம், குப்பைத்தொட்டி எதுவும் இல்லை. ஓர் இரும்பு அடுப்புக் கிராதி, மரங்களுக்குப் பின்னால் ஒரு கழிப்பிடப் பெட்டி, கூடாரம் போடச் சமதரை. அவ்வளவுதான்.

முதல்முறை போகிறவர்களின் பயணம் கெடுவது பெரும்பாலும் வீட்டிலேயே, பெர்மிட் எடுக்கும்போதே. ஸ்டேட் பார்க்கில் பதிவு செய்வதுபோல இங்கேயும் ஓர் இட எண் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். கிடைக்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது, குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு நுழைவிடம் வழியாக உள்ளே போகும் உரிமை மட்டும்தான். கூடாரம் போடும் இடத்தை முதலில் போய்ச் சேர்கிறவர் எடுத்துக்கொள்வார். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன. கட்டணங்கள் மாறக்கூடியவை. பதிவு செய்யும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏரிகளில் பனிக்கட்டி உடைவது ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள். மே மாதத்தில் கூட்டமும் கொசுவும் குறைவு. ஆனால் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். படகு கவிழ்ந்தால் சில நிமிடங்களில் கைகால் விறைத்துவிடும். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அந்தக் குளிரில் உதவாது. புதியவர்கள் மே மாதத்தை விட்டுவிடுங்கள்.

ஜூன் கருப்பு ஈயும் கொசுவும் ஆளும் மாதம். ஜூலையில் நீந்தலாம், ஆனால் கூட்டம். எங்கள் கணக்கில் சிறந்த காலம் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலிருந்து செப்டம்பர் இரண்டாவது வாரம் வரை: பூச்சி அடங்கியிருக்கும், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், பள்ளி திறந்துவிட்டால் கூட்டமும் குறையும். இடையில் வரும் லேபர் டே வார இறுதியை மட்டும் தவிருங்கள். செப்டம்பர் கடைசியில் இலைகள் நிறம் மாறி அழகாக இருக்கும், இரவுகளில் உறைபனி விழும்.

2. நுழைவிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் ஓர் எண் உண்டு. பெர்மிட்டில் அந்த எண்தான் இருக்கும். மேற்குப் பக்க ஏரிகளுக்கு ஈலி ஊர் வாசல். மினியாபொலிஸிலிருந்து நாலு, நாலரை மணி நேரம் காரோட்ட வேண்டும். கிழக்குப் பக்கம் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டாஃப்டி, கிராண்ட் மரே ஊர்களிலிருந்து உள்ளே போக வேண்டும். இன்னும் கொஞ்சம் தூரம்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: எத்தனை போர்டேஜ், ஏரி எவ்வளவு அகலம். போர்டேஜ் என்பது ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் மூட்டையையும் சுமந்துபோகும் காட்டுப்பாதை. அதன் நீளத்தை 'ராட்' கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். ஒரு ராட் 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு படகு நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். 80 ராட் என்றால் 400 மீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கும். சாமானை இரண்டு நடையில் கொண்டுபோனால், திரும்பி வருவதையும் சேர்த்து 1,200 மீட்டர் நடக்கிறீர்கள், கல்லிலும் சேற்றிலும்.

முதல்முறைக்கு ஏற்ற சில:

சாபில் ஏரி, எண் 38. டாஃப்டியிலிருந்து சாபில் டிரெயில் என்ற சாலையில் 24 மைல். ஒடுங்கிய, வடக்குத் தெற்காக நீண்ட ஏரி. போர்டேஜே இல்லாமல் முகாமிடங்களுக்குப் போகலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் பரிந்துரை.

லேக் ஒன், எண் 30. ஈலியிலிருந்து ஃபெர்ன்பெர்க் சாலை முடியும் இடம். இரண்டு குட்டிப் போர்டேஜ்களைத் தாண்டினால் லேக் டூ. அதற்கப்பால் த்ரீ, ஃபோர் வரை படகிலேயே போகலாம். போர்டேஜ் பழகச் சரியான பாதை, அதனாலேயே கூட்டமும் அதிகம். இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, லேக் ஒன்னில் வளைகுடாக்கள் பின்னிப் பிணைந்திருக்கும், முதல் அரை மணியிலேயே வழி தவறுகிறவர்கள் ஏராளம். இரண்டு, 2011-இல் பகாமி கிரீக் காட்டுத்தீ லேக் த்ரீ, ஃபோர் பக்கத்தில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. எரிந்த கரைகளில் உணவு மூட்டையைத் தொங்கவிட உயரமான மரம் கிடைக்காது. அங்கே போகிறவர்கள் கரடித் தடுப்பு டப்பா எடுத்துப்போவதே நல்லது.

சீகல் ஏரி (54), புரூல் ஏரி (41). இவற்றிலும் போர்டேஜ் இல்லாமல் நிறைய முகாமிடங்கள் உண்டு. வரைபடத்தில் எளிதாகத் தெரியும். ஆனால் இரண்டும் பரந்த ஏரிகள். மதியம் காற்று எழும்பினால் அலையில் மாட்டிக்கொள்வீர்கள். துடுப்புப் பழக்கம் இல்லாதவர்கள் இவற்றை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெர்மிட் பதிவு

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கு ஒதுக்கீட்டு முறை. ஒரு நுழைவிடத்தில் ஒரு நாளைக்கு இத்தனை குழுக்கள் என்று கணக்கு. அந்த வருடத்துக்கான பதிவு ஜனவரி மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, மத்திய நேரப்படி காலை 9 மணிக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறக்கும். கணக்கை முதல் நாளே தொடங்கி, அட்டை விவரம் ஏற்றி, 8:45-க்கே உள்நுழைந்து காத்திருங்கள். பேர்பெற்ற நுழைவிடங்களின் கோடைக்காலச் சனிக்கிழமைகள் சில நிமிடங்களில் போய்விடும். செவ்வாய், புதன் நுழைவு சுலபமாகக் கிடைக்கும். ஒரு நாள் விடுப்பு கூடுதலாக எடுத்தால் இத்தனை போட்டி இல்லை. தவறவிட்டாலும் பரவாயில்லை. கோடை நெருங்க நெருங்க ரத்தாகும் பெர்மிட்டுகள் திரும்பத் தளத்தில் தெரியும்.

நிரப்பும்போது கவனிக்க:

வகை. 'ஓவர்நைட் பேடில்' என்பதையே தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே மோட்டார் படகுக்கான வகையும், பகல் மட்டும் போய்வரும் வகையும் இருக்கும். அவசரத்தில் தவறானதை அழுத்திவிட்டு, கிளம்பும் நாளில் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

குழுத் தலைவர். பெர்மிட்டைக் கையில் வாங்கக்கூடியவர் தலைவரோ, பதிவின்போதே பெயர் கொடுத்த மாற்றுத் தலைவரோ மட்டுமே. மாற்றுத் தலைவர்களாக மூன்று பேர் வரை சேர்க்கலாம். மூன்று கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள். தலைவருக்கு அலுவலகத்தில் அவசர வேலை வந்து, மாற்றுப் பெயரும் இல்லையென்றால் மொத்தக் குழுவுக்கும் பயணம் போச்சு. பெர்மிட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

எண்ணிக்கை. ஒரு பெர்மிட்டுக்கு அதிகபட்சம் 9 பேர், 4 படகு. இதில் கைக்குழந்தையும் ஒரு ஆள். பன்னிரண்டு பேர் கொண்ட நண்பர் குழு இரண்டு பெர்மிட் எடுத்து உள்ளே ஒன்றாகத் தங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுவது வழக்கம். அது விதிமீறல். ஒன்பது பேர் என்பது முகாமிடத்தில் மட்டுமல்லாமல் தண்ணீரிலும் போர்டேஜிலும் செல்லும். இரண்டு குழுவும் உள்ளே சேர்ந்து திரியக்கூடாது.

கட்டணம். பெரியவருக்கு 16 டாலர், 17 வயது வரை 8 டாலர். இது ஒரு பயணத்துக்கு, ஓர் இரவுக்கு அல்ல. கூடவே பதிவுக் கட்டணம் 6 டாலர், அது திரும்ப வராது. மூன்று இரவோ பத்து இரவோ தொகை ஒன்றே. ஒரே முகாமிடத்தில் தொடர்ந்து அதிகபட்சம் 14 நாள்.

ஒதுக்கீடு இல்லாத மாதங்களில் பெர்மிட் இலவசம், நுழைவிடத்தில் நீங்களே எழுதிப் போட்டுக்கொள்ளலாம்.

4. பெர்மிட்டைக் கையில் வாங்குவது

இணையத்தில் பதிவு செய்த உறுதிச்சீட்டை அச்சடித்து எடுத்துப்போனால் மட்டும் உள்ளே போக முடியாது. நுழையும் நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ, பதிவின்போது குறித்த அலுவலகத்துக்கு நேரில் போய் அசல் பெர்மிட்டை வாங்க வேண்டும். அது வனத்துறையின் ரேஞ்சர் நிலையமாக இருக்கலாம், பெர்மிட் வழங்க அனுமதி பெற்ற படகு வாடகைக் கடையாகவும் இருக்கலாம். புகைப்பட அடையாள அட்டை அவசியம். ஒரு காணொளி போட்டுக் காட்டுவார்கள், விதிகளைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். அரை மணி ஒதுக்குங்கள்.

இங்கேதான் நேரப் பொறி. வெள்ளிக்கிழமை வேலை முடித்து மாலை 5 மணிக்கு மினியாபொலிஸிலிருந்து கிளம்பினால் ஈலி போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை, அலுவலகம் மூடியிருக்கும். மறுநாள் அது திறக்கும்வரை காத்து, வாங்கி, படகை ஏற்றி, துறைக்குப் போய்த் தண்ணீரில் இறங்கும்போது பத்தரை, பதினொன்று. கூடாரம் போட இடம் கிடைக்குமா என்ற கேள்வி அப்போதே தொடங்கிவிடும். வாடகைக் கடைகள் பல விடியற்காலையிலேயே திறக்கும். படகு வாடகைக்கு எடுக்கும் அதே கடையைப் பெர்மிட் வாங்கும் இடமாகவும் குறித்துவிட்டால் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடியும். முந்தின இரவு தங்க அந்தக் கடைகளில் பலவற்றில் அடுக்குக் கட்டில் அறைகளும் உண்டு.

விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 பிரதியையும் ஜிப் பையில் போட்டு உடன் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வுட், சகனாகா, நைஃப் போன்ற ஏரிகளின் நடுவில்தான் நாட்டெல்லை ஓடுகிறது. எல்லை என்று கோடோ கொடியோ இருக்காது. அந்தப் பக்கக் கரையில் ஒரு நல்ல பாறை தெரிகிறதே என்று இறங்கிச் சாப்பிட்டால் நீங்கள் கனடாவுக்குள் முறையில்லாமல் நுழைந்தவர். முதல் பயணத்துக்கு எல்லை ஏரிகளைத் தவிர்ப்பதே நிம்மதி.

5. படகும் சுமையும்

வாடகைக்கு எடுக்கும் கனூ, அதாவது துடுப்புப் படகு, இரண்டு வகை. அலுமினியம் 70 பவுண்டு அல்லது அதற்கு மேல், வாடகை குறைவு, கல்லில் இடித்தாலும் தாங்கும். கெவ்லார் என்ற எடை குறைந்த இழையில் செய்தது 42 முதல் 45 பவுண்டு, நாளுக்குச் சுமார் 45 முதல் 65 டாலர். போர்டேஜ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கெவ்லார் எடுங்கள். 30 பவுண்டு வித்தியாசம் தோளில் ஏறியபின்தான் புரியும்.

ஆனால் கெவ்லார் படகைக் கரையில் உரச விடக்கூடாது. கால் நனையாமல் இறங்க வேண்டும் என்று பாறைவரை ஓட்டிப்போய் முட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் சேதம், அதற்கான பழுதுக்காசு உங்கள் தலையில். முழங்கால் ஆழம் வந்ததும் படகு மிதக்கும்போதே தண்ணீரில் இறங்குங்கள், மிதக்கும்போதே சாமானை இறக்குங்கள், பிறகு படகைத் தூக்குங்கள். அதாவது செருப்பு நனையும், தினமும் நனையும். கணுக்காலை மூடும் பழைய ஷூ ஒன்று தண்ணீருக்கு, இன்னொரு ஜோடி முகாமில் போட. ஷவர் சப்பல் போர்டேஜில் கழன்று சேற்றில் போய்விடும்.

சுமந்துபோகும் முறை. படகின் நடுவில் குறுக்கே இருக்கும் நுகக்கட்டை தோளில் உட்கார வேண்டும். ஒற்றை ஆளாகத் தூக்கிக் கவிழ்ப்பது பழகியவர் வேலை. புதியவர்கள் இருவராகச் செய்யுங்கள்: படகைத் தரையில் குப்புறக் கவிழ்த்து, ஒருவர் முன்முனையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பின்முனை மெத்தென்ற தரையில் ஊன்றியிருக்கட்டும், பாறையில் வேண்டாம். மற்றவர் உள்ளே நுழைந்து நடுக்கட்டைக்கு அடியில் முதுகை நிமிர்த்தி நின்று, இரண்டு தோளிலும் பஞ்சுத்திண்டு பதிந்ததும் 'விடு' என்று சொல்ல வேண்டும். முன்முனை கொஞ்சம் உயர்ந்திருந்தால்தான் பாதை தெரியும். இறக்கும்போதும் இதே வரிசை தலைகீழாக. இதை ஊரிலேயே ஒருமுறை, அல்லது கடை வாசலில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். முதல் போர்டேஜில் பின்னால் மூன்று குழு காத்திருக்கும்போது கற்றுக்கொள்ளும் விஷயமல்ல இது.

சாமான்களைச் சக்கரப் பெட்டியிலும் பத்துக் கைப்பைகளிலும் போடாதீர்கள். படகுச் சக்கர வண்டிக்கே பெரும்பாலான போர்டேஜ்களில் அனுமதி கிடையாது. இரண்டு பேருக்கு இரண்டு பெரிய முதுகுப்பை போதும்: ஒன்றில் கூடாரம், துணி, படுக்கை, மற்றதில் சமையலும் உணவும். பைக்குள் முதலில் கனத்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் சாமான். மழை, அலை, கவிழ்தல் எதற்கும் படுக்கைப் பை நனையாமல் இருக்க வேண்டும். கையில் தொங்கும் சாமான் ஒன்றும் இருக்கக்கூடாது. போர்டேஜ் முனையில் மறந்துவிட்டு வருவது அவற்றைத்தான்.

உயிர்க்கவசம் ஆளுக்கு ஒன்று படகில் இருப்பது சட்டம். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் அணிந்தே இருக்க வேண்டும். எல்லோரும் அணிந்தே இருங்கள். படகில் தலையணையாக வைத்திருந்த கவசத்தைக் கவிழ்ந்தபின் தேடிப் போட முடியாது. சொந்தக் கனூ 10 அடிக்கு மேல் நீளமானால் மினசோட்டாவில் பதிவெண் வேண்டும். வாடகைப் படகில் அது ஏற்கனவே இருக்கும்.

நீர்புகா வரைபடம் கட்டாயம். ஃபிஷர் அல்லது மெக்கன்ஸி வரைபடங்களில் முகாமிடங்களும், போர்டேஜ்களின் ராட் அளவும் குறித்திருக்கும். செல்போனில் இறக்கி வைத்த வரைபடம் துணைக்கு இருக்கட்டும். சிக்னலை நம்பாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. குழுவுக்கு ஒரு சாட்டிலைட் செய்திக் கருவி வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

6. சாப்பாடு: டப்பா, பாட்டில் கூடாது

உணவும் பானமும் அடைத்த தகர டப்பா, அலுமினியக் கேன், கண்ணாடிப் பாட்டில் எதையும் உள்ளே கொண்டுபோகக்கூடாது. நம்மவர்கள் மாட்டுவது ஊறுகாய் ஜாடியிலும் தேங்காய்ப்பால் டின்னிலும்தான். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். அடுப்பு எரிவாயு உருளை, மருந்து, கொசு மருந்து ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. விமானத்தில் வருகிறவர்களுக்கு: எரிவாயு உருளையை விமானத்தில் கொண்டுவர முடியாது, டுலூத்திலோ ஈலியிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் உலர் உணவு போதும். அவல், ரவை, சேமியா, பொடித்த ரசப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் இந்தப் பயணத்துக்கென்றே செய்தவை. துவரம்பருப்பு வேண்டாம். குக்கர் இல்லாமல் அது வேக ஒரு மணி நேரம், ஓர் உருளை எரிவாயு. மைசூர்ப் பருப்போ பாசிப்பருப்போ இருபது நிமிடத்தில் வெந்துவிடும். வெந்நீரில் போட்டுச் சூடாக்கும் ரெடிமேட் குழம்புப் பொட்டலங்கள் வசதிதான். ஆனால் நீங்கள் சுமப்பது பெரும்பாலும் தண்ணீர், காலிப் பொட்டலத்தையும் திரும்பச் சுமக்க வேண்டும். குப்பையை எரிக்கவோ கழிப்பிடத்தில் போடவோ கூடாது.

ஒரு நாள் உணவு கூடுதலாக இருக்கட்டும். ஏன் என்பது கடைசியில்.

மீன் பிடிக்க 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மினசோட்டா உரிமம் வேண்டும். குறுகிய நாள்களுக்கான உரிமமும் இணையத்தில் கிடைக்கும்.

7. இடம் பிடிப்பது

காலை 8 மணிக்குள் தண்ணீரில் இறங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியம் 2 மணிக்குள் கூடாரம் போட்டுவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு மேல் தேடுகிறவர்கள், வரைபடத்தில் முகாமிடம் என்று காட்டும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியிலும் யாரோ காயப்போட்ட துண்டைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட வேண்டியிருக்கும்.

முதல் ஏரியிலேயே நல்ல இடம் காலியாக இருக்கிறது, ஆனால் உங்கள் திட்டம் மூன்றாவது ஏரி. என்ன செய்வது? மணி பன்னிரண்டுக்கு மேல் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக் கிராதி பதித்த இடத்தில் மட்டுமே தங்கலாம். 'ஒரே ஒரு ராத்திரிதானே' என்று வெறும் காட்டில் கூடாரம் போட்டால் அபராதம்.

இடத்தில் இறங்கியதும் முதலில் மேலே பாருங்கள். கூடாரத்துக்கு மேல் பட்ட மரமோ, ஒடிந்து தொங்கும் கிளையோ இருந்தால் அந்தச் சமதரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

8. கரடிக்கு எட்டாமல் உணவு வைப்பது

இங்கே இருப்பவை கருங்கரடிகள். ஆளைவிட உங்கள் உணவு மூட்டைதான் அவற்றுக்கு வேண்டும். உணவைப் பாதுகாப்பாக வைப்பது வனத்துறை உத்தரவு. சான்றிதழ் பெற்ற கரடித் தடுப்பு டப்பா, அல்லது மரத்தில் தொங்கவிடுதல். கடைகளில் தரும் நீலப் பீப்பாய் தண்ணீர் புகாது, வாசனையைக் குறைக்கும், ஆனால் அது கரடித் தடுப்பு டப்பா அல்ல. அதையும் தொங்கவிட வேண்டும்.

தரையிலிருந்து 12 அடி, மரத்தண்டிலிருந்து 6 அடி தள்ளி மூட்டை நிற்க வேண்டும். வடக்கத்திக் காட்டின் ஸ்ப்ரூஸ் மரக்கிளைகள் மெலிந்தவை, ஒற்றைக் கிளையில் 40 பவுண்டு நிற்காது. எனவே இரண்டு மர முறை: இருபது அடி இடைவெளியில் இரண்டு தடித்த மரம் பாருங்கள். 50 அடிக் கயிறு இரண்டு வேண்டும். சின்னப் பையில் ஒரு கல்லைப் போட்டுக் கயிற்று நுனியில் கட்டி, முதல் மரத்தில் 20 அடி உயரக் கிளைக்குமேல், தண்டை ஒட்டி எறியுங்கள். இரண்டாவது கயிற்றை எதிர் மரத்தில் அதேபோல. இரண்டு நுனியையும் மூட்டையில் கட்டி, இருவர் இருபுறமும் மாறி மாறி இழுத்தால் மூட்டை நடுவில் ஏறி நிற்கும். இருட்டுவதற்குமுன் செய்யுங்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் கல் எறிந்தால் கல் உங்கள் தலைக்கே திரும்பும்.

டப்பா முறை சுலபம்: பூட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் உருண்டுபோகாதபடி ஒரு பள்ளத்தில் வைத்தால் முடிந்தது. வாடகைக்கும் கிடைக்கும். புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பை, குழந்தையின் பிஸ்கெட் எல்லாம் உள்ளே போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குத் துண்டுகூட இருக்கக்கூடாது. கரடி வராவிட்டாலும் எலி கூடாரத்தைக் கடித்து ஓட்டை போடும். தாளிக்கும்போது போட்டிருந்த சட்டையோடு தூங்காதீர்கள்.

9. தண்ணீர், தீ, கழிப்பிடம்

ஏரித் தண்ணீர் பளிங்காக இருக்கும். அப்படியே குடித்தால் ஜியார்டியா வயிற்றுப்போக்கு வரலாம். வடிகட்டுங்கள், அல்லது ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறு பேர் குழுவுக்குத் தொங்கவிடும் வடிகட்டிப் பை வசதி.

விறகு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். முகாமைச் சுற்றிப் பொறுக்கவும் வேண்டாம், அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. படகில் கொஞ்சம் தள்ளிப்போய், கரையிலிருந்து உள்ளே நடந்து, விழுந்து காய்ந்த, மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை எடுங்கள். நிற்கும் மரத்தையும் பர்ச் பட்டையையும் தொடாதீர்கள். கோடரியைவிட மடக்கு ரம்பம் பாதுகாப்பு. அணைத்த சாம்பலில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். தீத்தடை அறிவிப்பு எந்த வாரமும் வரலாம், அதனால் எரிவாயு அடுப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கழிப்பிடம் என்பது குழிக்குமேல் வைத்த பெட்டி. சுவர் இல்லை, கூரை இல்லை, கதவு இல்லை. காகிதம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், தண்ணீர் பழக்கம் என்றால் ஒரு பாட்டிலை அதற்கென்றே ஒதுக்குங்கள். பாத்திரம் கழுவுவதும் சோப்புப் போட்டுக் குளிப்பதும் ஏரியில் கூடாது. தண்ணீர் எடுத்துக்கொண்டு கரையிலிருந்து 200 அடி தள்ளிப் போங்கள். இயற்கைச் சோப்பு என்று எழுதியிருந்தாலும் இதே விதிதான்.

உண்ணி இருக்கும். தினமும் இரவு கணுக்கால், இடுப்பு, தலைமுடி ஓரம் பாருங்கள்.

10. நான்கு பேருக்குச் செலவு

மூன்று இரவு, நான்கு பகல், நான்கு பெரியவர், இரண்டு கெவ்லார் படகு என்று வைத்தால்: பெர்மிட் 64, பதிவு 6, ஆக 70 டாலர். படகு வாடகை 400-ஐ ஒட்டி. முந்தின இரவு அறை ஆளுக்கு 30 முதல் 50. மினியாபொலிஸிலிருந்து போய்வரச் சுமார் 20 காலன் பெட்ரோல். உணவு 120-க்குள். கூடாரமும் படுக்கையும் சொந்தமாக இருந்தால் தலைக்கு 200 டாலர் வரும். எல்லாவற்றையும் கடையே தரும் முழு ஏற்பாடு பல மடங்கு. நடுவழியாக, படகும் உணவு டப்பாவும் மட்டும் வாடகைக்கு எடுப்பதே சரியென்று தோன்றுகிறது.

11. காற்றும் திரும்பும் நாளும்

காலை 10 மணிவரை ஏரி கண்ணாடி. மதியம் காற்று எழும்பும், மாலையில் பெரும்பாலும் அடங்கும். அகலமான ஏரியை நடுவில் குறுக்கே வெட்டாமல் கரையோரமாகப் போங்கள், தூரம் கூடினாலும் சரி. அலையில் வெள்ளை நுரை தெரிந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். இடி கேட்டால் உடனே கரை, தனித்து உயர்ந்த மரத்தடியில் நிற்க வேண்டாம்.

திரும்பும் நாளில்தான் விபத்து. படகை 4 மணிக்குத் திருப்ப வேண்டும், திங்கட்கிழமை வேலை என்ற அவசரத்தில் நுரைக்கும் ஏரியில் இறங்கிவிடுகிறார்கள். அதற்காகத்தான் அந்த ஒரு நாள் கூடுதல் உணவு. காற்றுக்காக ஓர் இரவு தங்க நேர்ந்தால் பெர்மிட்டில் தடையில்லை, வெளியேறும் தேதியை மீறியதாக யாரும் பிடிக்க மாட்டார்கள். கடைக்காரர் ஒரு நாள் கூடுதல் வாடகை வாங்குவார், கொடுத்துவிடுங்கள். கிளம்பும் முன் ஊரில் ஒருவரிடம் நுழைவிட எண், திரும்பும் நாள், 'இத்தனை மணி நேரம் தாமதமானால் மட்டும் தேடு' என்பதை எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களும் பதற மாட்டார்கள்.

ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அந்தப் பெர்மிட் முடிந்தது, மறந்த துடுப்பை எடுக்கவும் அதை வைத்துத் திரும்ப உள்ளே போய் இரவு தங்க முடியாது. கார்ச் சாவியை யார் பையில், எந்த அறையில் வைத்தீர்கள் என்பதை முதல் நாளே நாலு பேருக்கும் சொல்லிவைத்து, சின்னக் கொக்கியில் மாட்டிவிடுங்கள்.